அப்பாவுக்கு வராத மஞ்சள் காமாலை

எங்கள் தாலுகா கோர்ட்டில் போடப்படும் சில மனுக்களை மட்டும் படித்துவிட்டு வெளியூர்க்காரர் ஒருவர் ஊருக்குள் வந்தால், இங்கே தண்ணீரிலேயே ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலை. வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் படுத்து, நாட்டு மருந்து சாப்பிட்டு, வாய்தா முடிந்த மறுவாரம் எழுந்து உட்கார்ந்துவிடுகிற காமாலை. அதில் பாதியைப் பரப்பியவள் நான்தான். கோர்ட்டு வாசலுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினாறு வருடமாகிறது.

கோர்ட்டுப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவில் வழக்குப் போட்டவர் வாதி. வழக்கைக் கூப்பிடும்போது வாதியும் இல்லை, அவருடைய வக்கீலும் இல்லை, எதிர்த்தரப்பு மட்டும் வந்து 'தயார்' என்று நிற்கிறது என்றால் நீதிபதி வழக்குக் கட்டை மூடி வைத்துவிடுவார். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே அங்கே எழாது. வரவில்லை, அதனால் தள்ளுபடி. 'டீஃபால்ட்ல போச்சு' என்று குமாஸ்தாக்கள் சொல்வார்கள். முப்பது நாளைக்குள் இன்ன காரணத்தால் வர முடியவில்லை, வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிரமாண வாக்குமூலத்தோடு மனுப் போட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த 'இன்ன காரணம்' வருகிற இடத்தில்தான் காமாலை வந்து உட்காரும். காய்ச்சல் என்று எழுதினால் மாத்திரை போட்டுக்கொண்டு வருவதற்கென்ன என்பார்கள். கால் முறிவு என்றால் கட்டு எங்கே என்பார்கள். காமாலையை யாரும் கிண்டுவதில்லை. என் கம்ப்யூட்டரில் 'காமாலை' என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் உண்டு. பெயர், வழக்கு எண், தேதி மூன்றையும் மாற்றினால் போதும், இரண்டு நிமிஷத்தில் மனு தயார். இதை ஒரு திறமை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு வழக்கு இருந்தது. அப்பா வாதி. அவருடைய சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை, அவர் பிரதிவாதி. இருவர் நிலமும் மணலூர்பேட்டைப் பக்கம், ஒன்றை ஒட்டி ஒன்று. ரோட்டிலிருந்து அப்பாவுடைய கரும்புக் கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் சித்தப்பா நிலத்தின் ஓரமாகப் போகிற வண்டித்தடம் ஒன்றுதான் வழி. தாத்தாக்கள் காலத்தில் வாயால் பேசிப் பிரித்துக்கொண்ட நிலம் என்பதால் தடத்துக்குப் பத்திரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

சண்டை வந்தது ஒரு பைப்பால். சித்தப்பா தன் போர்வெல் தண்ணீரை அந்தாண்டை நிலத்துக்குக் கொண்டுபோகத் தடத்தின் குறுக்கே மண்ணுக்குள் பைப்பு போட்டிருந்தார். அப்பாவின் கரும்பு ஏற்றிய டிராக்டர் அதன் மேல் ஏறி நொறுக்கிவிட்டது. பார்த்துப் போகக் கூடாதா என்றார் அவர். தடத்தில் எவன் பைப்பு போடச் சொன்னது என்றார் இவர். ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை திருப்பிச் சொல்கிற வம்சம் எங்களுடையது. மறுநாள் சித்தப்பா தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டார். மறுவாரம் அப்பா கோர்ட்டுக்கு வந்துவிட்டார். வழக்கு முடிகிறவரை தடத்தை மறிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. அந்த ஒரு தாளை வைத்துத்தான் ஐந்து வருடமாக எங்கள் கரும்பு ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஐந்து வருடமும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வாய்தாவுக்கு வருவார்கள். அந்த நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. அப்பா முன்படியில் ஏறுவார், சித்தப்பா பின்படியில் ஏறுவார். வந்து இறங்கி என் கடைக்கு எதிரே ஒருவர் வேப்பமரத்தடியிலும் இன்னொருவர் டீக்கடை பெஞ்சிலும் உட்காருவார்கள். இருவருக்கும் நான்தான் தண்ணீர் பாட்டில் கொடுப்பேன். அப்பாவுடைய பிராதை அடித்தவளும் நான்தான், சித்தப்பாவுடைய பதிலுரையை அடித்தவளும் நான்தான். கோர்ட்டு வாசலில் கடை வைத்துக்கொண்டு வாதி, பிரதிவாதி என்று பிரித்துப் பார்த்தால் கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் மனைவி, இந்தக் கூத்தைச் சட்டை செய்ததே இல்லை. திருக்கோவிலூருக்கு ஏதாவது வாங்க வந்தால் அப்படியே என் கடைக்கும் வந்துவிடுவாள். பையிலிருந்து முருங்கைக்கீரையையோ நாலு கத்திரிக்காயையோ எடுத்து பிரிண்டர் மேல் வைப்பாள். பிரிண்டர் மேல் வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் அங்கேதான் வைப்பாள். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போய்க்கினு வந்துக்கினு கீறாங்க. ஒரே சீட்ல குந்தினா இன்னா, குறைஞ்சா பூடுவாங்க?" என்று ஒருமுறை கேட்டாள். அப்பாவிடம் நேரிலேயே கேட்டிருக்கிறாள். அப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அப்பா போன் செய்தார். "உங்க சின்னம்மா பூட்டா" என்றார். மாடு பிடித்துக் கட்டும்போது மார்வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடையை அப்படியே பூட்டிவிட்டுப் போனேன். அழுதேன், நன்றாகவே அழுதேன். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதுதான்.

புதன்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு எங்கள் வழக்குக்கு வாய்தா. சாதாரண வாய்தாவும் இல்லை. அப்பா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிய நாள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போய், இதுதான் கடைசி வாய்ப்பு என்று நீதிபதி எழுதியிருந்தார். அப்பா சித்தப்பா வீட்டு வாசலில் குந்தி மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். ஐந்து வருடமாக அந்த வாசலை மிதிக்காத மனிதர். எங்கள் பக்கத்தில் பாடைக்குத் தோள் கொடுப்பது பங்காளிகள் வேலை. முன்பு பத்துப் பேர் இருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு பக்கம் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டதில் அப்பாவை விட்டால் ஊரில் திடமாக மிஞ்சியவர்கள் மூன்று பேர். நான்காவது தோள் அப்பாவுடையது.

அருகில் போய் இன்று வாய்தா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அரிவாளைக்கூட கீழே வைக்கவில்லை. "பொண்டாட்டிய பொணமா போட்டுக்கினு அவன் எங்க கோர்ட்டுக்கு வரப்போறான்? அவனும் வரல, நானும் வரல. அப்புறம் இன்னா கேஸு?" என்றார்.

சுற்றி நின்றவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினாறு வருடமாகக் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் அரைமனதாக அப்படித்தான் பட்டது. எதிராளி வீட்டிலேயே சாவு, இதற்கு மேல் எந்த நீதிபதி என்ன கேட்கப்போகிறார்? இருந்தாலும் எங்கள் வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் வேறு கேஸில் இருந்தார், போன் அணைந்திருந்தது. அவருடைய குமாஸ்தாவைப் பிடித்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன், ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்கிவிடலாம், நீ சாவு வேலையைப் பார் என்றார். நானும் சாவு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த ஜூனியர் வேறு கோர்ட்டு ஹாலில் மாட்டிக்கொண்டார். சித்தப்பாவின் வக்கீல் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சாவு விஷயமே தெரியாது. பெண்டாட்டி செத்தால் வக்கீலுக்கா முதலில் சொல்லியனுப்புவார்கள்? வழக்கைக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து 'பிரதிவாதி தரப்பு தயார்' என்றார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். வாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் பாடை எங்கள் தெருமுனை தாண்டியது. பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது என்பதால் நான் அங்கேயே நின்று பார்த்தேன். முன்பக்கம் வலதுபுறம் அப்பா போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் குமாஸ்தா ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், தாள்களை எண்ணிக்கொண்டே, "உங்க கேஸு டீஃபால்ட்ல போச்சும்மா" என்றார். பேனா மூடி தொலைந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஜூனியரை, வக்கீலை, அவர் வீட்டில் இருக்கிறவர்களை எல்லாம் இழுத்தேன். அவர் கோபிக்கவில்லை. முப்பது நாள் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்.

வழக்கு போனால் இடைக்கால உத்தரவும் கூடவே போய்விடும். சித்தப்பா நினைத்தால் அன்றைக்கே தடத்தில் முள்ளைப் போடலாம். கொல்லையில் ஒரு ஏக்கருக்கு மேல் கரும்பு முற்றி நிற்கிறது. மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்த பிறகு வண்டி உள்ளே போகவில்லை என்றால் நின்ற இடத்திலேயே காய வேண்டியதுதான். நான் தவித்தேன். அப்பா தவிக்கவில்லை. பங்காளிகளுக்குப் பதினாறு நாள் தீட்டு, காரியம் முடிகிறவரை எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். முப்பதில் பாதி அப்படிப் போயிற்று.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் வக்கீல் கடைக்கு வந்தார். காரணம் என்ன போடுவது என்று நானே கேட்டேன். சாவுக்குப் போனதையே எழுதிவிடலாமே என்றும் சொன்னேன். அவர் யோசித்தார். எதிராளி வீட்டுச் சாவுக்குப் போனேன் என்று எழுதினால், அவ்வளவு உறவாக இருக்கிறவர்களுக்கு வழக்கு எதற்கு, வெளியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிவிடுவார்கள். அதுவும் இல்லாமல் எதிராளி 'அவர் வரவே இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் நாம் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்றார். பிறகு, "வழக்கம்போலப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குள் போனார்.

நானும் 'காமாலை' ஃபைலைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், எண்ணை மாற்றினேன், தேதியை மாற்றினேன். 'மனுதாரராகிய நான் மேற்படி வாய்தா நாளன்று மஞ்சள் காமாலை நோயால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து உட்கொண்டு, படுத்த படுக்கையாக இருந்தபடியால்' என்ற வரியைக் கண் பார்த்தது, கை தாண்டிப் போயிற்று. கரும்பு, தடம், முப்பது நாள் என்று இவைதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்பா மாலை பஸ்ஸுக்கு முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார். நன்றாகத் தமிழ் படிப்பார், தினம் பேப்பர் படிக்கிறவர்தான். ஆனால் என் கடையில் எதையும் படித்ததில்லை. கண்ணாடிகூட எடுத்து வர மாட்டார். பேனாவை வாங்கி, எங்கே என்று மட்டும் கேட்பார். படித்துப் பார்க்கிறாயா என்றால், "நீ அடிச்சதுதான, இதுல இன்னா பாக்கறது" என்பார். அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை. விரலால் இடத்தைக் காட்டினேன், போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நல்ல செய்தியும் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா தடத்தை மறிக்கவில்லை. கருமாதியன்று பந்தலில் நாலு பேர் முன்னிலையில், அப்பா வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட்டால் தான் ஆட்சேபிக்கப் போவதில்லை என்றும், வக்கீலிடமும் அப்படியே சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாராம். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை என்றால் ஒரே வாய்தாவில் முடிந்துவிடும்.

மனு நகல் அவர் வக்கீலுக்குப் போன இரண்டாம் நாள், காலை பத்து மணிக்குச் சித்தப்பா என் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். கண்ணாடி இல்லை, படித்துச் சொல் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் கண்ணாடி தேவையே இல்லை என்பதும் தெரியும். படிக்காமல் இருந்தேன். படி என்று மறுபடி சொன்னார். படித்தேன். 'படுத்த படுக்கையாக' என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ முன்னால வலது கைப் பக்கம் தோள் குடுத்துக்கினு வந்தது யாரு?" என்று கேட்டார்.

கோர்ட்டில் இப்படித்தான் எழுதுவார்கள் சித்தப்பா, இது சும்மா ஒரு வழக்கம், யாரும் இதை நிஜமென்று எடுத்துக்கொள்வதில்லை என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"தடத்துக்கு இன்னா வேணா எழுதிக்கோ, நான் திருடன்னுகூட எழுதிக்கோ, பரவால்ல. அவ சாவுக்கு உங்கப்பா வரலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறான். அதுவும் உன் கையால அடிச்சு. நீ அவகிட்ட எத்தினி நாளு கீர வாங்கித் துன்னிருக்க?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. தாளை வாங்கி மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார்.

அன்று மதியமே அவருடைய வக்கீலின் குமாஸ்தா கையால் எழுதிய எதிர்மனுவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அவசரம், நாளைக்குத் தாக்கல் பண்ண வேண்டும் என்றார். வேறு கடைக்குப் போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, உட்கார்ந்து அடித்தேன். 'மனுதாரர் காமாலையால் படுத்திருந்தார் என்பது முழுப் பொய். அன்றைய தினம் அவர் நல்ல உடல்நிலையில் என் வீட்டுக்கு வந்து, தன் கையால் மூங்கில் வெட்டிப் பாடை கட்டி, காலமான என் மனைவியின் உடலைச் சுடுகாடு வரையில் தோளில் சுமந்து வந்தார். ஆகவே இந்த மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.' எங்கள் வழக்கைத் திரும்ப எடுக்க வைத்திருக்கக் கூடிய காரணம் முழுவதும் அதில் இருந்தது. அதை எதிராளி எழுதிக் கொடுத்து நான் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் தப்பாக அடித்துத் திருத்தினேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் போனை எடுத்தேன். எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். வக்கீல் பேசிச் சமாளித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. ஆனால் நீதிபதி எதிர்மனுவைப் படித்துவிட்டு, மனுதாரர் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்படியில் ஏறி வந்து சேர்ந்தார். விஷயம் எதுவும் தெரியாது. அப்போதும் நான் சொல்லவில்லை. வக்கீல் மட்டும், அம்மா ஏதாவது கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னார். நீதிபதி பெண் என்பதால் எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வோம்.

நான் கடையை விட்டுவிட்டுப் போய்க் கதவோரம் நின்றேன். சித்தப்பா தன் வக்கீலுக்குப் பின்னால் நின்றிருந்தார். நீதிபதி அப்பாவை முன்னால் வரச் சொன்னார். அன்றைக்கு உங்களுக்கு மஞ்சள் காமாலையா என்று கேட்டார். "யாருக்குங்க?" என்றார் அப்பா. ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்காமல் நான் அடித்த வரியை மெதுவாகப் படித்துக் காட்டினார். கீழே இருக்கிற கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆமாங்க என்றார். அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று கேட்டார்.

அப்பா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு 'ஆமாங்க' சொன்னால் தடம் கிடைக்கலாம், சொல்லாவிட்டால் போய்விடும், இது அப்பாவுக்கும் அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஆமாம்னு சொல்லுப்பா, சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது, ஆனால் கத்தினேன்.

"இல்லீங்கம்மா. எனக்கு ஒரு நோவும் இல்ல. இதோ நிக்கறானே, இவன் வூட்ல சாவு. தோள் குடுக்க ஆள் கம்மி. அங்க போயிருந்தேன்" என்றார் அப்பா.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். இதை மட்டும் மனுவில் எழுதியிருந்தால் இன்றைக்கே வழக்கை எடுத்திருப்பேன் என்றார். சத்தியம் செய்து பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு, பிடிபட்ட பிறகு உண்மையைச் சொன்னால் என்னால் அனுமதிக்க முடியாது என்றும் சொன்னார். மனு தள்ளுபடி. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவராவது அப்போது வாயைத் திறந்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்பட எனக்கு யோக்கியதை இருந்தது என்பது வேறு விஷயம்.

அப்பாவோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்தேன். வக்கீல் மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னதைச் சொன்னேன்.  பஸ் வருகிற நேரத்தில், யார் அடித்தது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். தெரிந்தே அடித்தாயா என்றார். ஆமாம் என்றேன்.

"நான் போவலன்னு அடிச்சிட்டியே" என்றார். பஸ் வந்தது. அவர் முன்படியில் ஏறினார், சித்தப்பா பின்படியில் ஏறினார்.

பங்குனியில் கட்டிங் ஆர்டர் வந்தது. நானும் ஊருக்குப் போயிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து பன்னிரண்டு பேர் வெட்டுக்கு வந்திருந்தார்கள். தலைச்சுமையாகவே வரப்பு வழியே ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அப்பா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவ்வளவு கரும்பையும் அவ்வளவு தூரம் தலையிலா, அதோ தடம் சும்மாதானே கிடக்கிறது என்றார். கோர்ட்டு அதில் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது என்றார் அப்பா. கோர்ட்டு அப்படிச் சொல்லவே இல்லை, வரவில்லை என்றுதான் சொன்னது. நான் அதைத் திருத்தப் போகவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டிராக்டர்காரர் ரோட்டிலிருந்து வண்டியைத் தடத்தில் இறக்கிவிட்டார். அவருக்கு இந்த ராமாயணம் எதுவும் தெரியாது. தடம் இருந்தது, முள் இல்லை, இறக்கிவிட்டார். அப்பா கையை ஆட்டிக்கொண்டு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா தன் நிலத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு எழுந்து தடத்துக்கு வந்தார். அப்பா நின்றுவிட்டார். டிராக்டரும் நின்றது.

"அந்தாண்ட பைப்பு கீது. இந்தப் பக்கமா ஒடிச்சு ஏத்து" என்றார் சித்தப்பா டிராக்டர்காரரிடம். அப்பாவைப் பார்க்கவில்லை. வண்டி ஏறித் தாண்டுகிறவரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடைக்குத் திரும்பிப் போனார். அன்றைக்கும் மறுநாளுமாக மூன்று லோடு அந்த வழியில் போயிற்று. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் விடுவாரா என்று எங்களுக்குத் தெரியாது. நேரில் கேட்கச் சின்னம்மாவும் இல்லை, காட்டிக் கேட்கக் கோர்ட்டு உத்தரவும் இல்லை.

அப்பா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. போனில் வழக்கம்போலத்தான் பேசுகிறார். போன வாரம் பாங்கில் கொடுக்க ஒரு விண்ணப்பம் வேண்டும் என்று கடைக்கு வந்தார். கரண்ட் மோட்டார் விஷயமாகச் சாதாரண ஒரு பக்க விண்ணப்பம். அடித்துக் கொடுத்து, பேனாவையும் நீட்டி, பழக்கத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அப்பா பேனாவை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதைக் கொண்டு வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்கு நகர்த்தி, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் படித்து முடிக்கிறவரை நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.